ஆய்வகத் தண்ணீருக்குப் பாதரசம் இல்லாத புற ஊதா விளக்கு: மாற்றுவது எப்படி?

ஆய்வகத் தண்ணீர் சுத்திகரிப்பு இயந்திரங்களில் நெடுங்காலமாக இருப்பது பாதரச விளக்கு. அது உடைந்தால் பாதரச ஆவியைச் சுவாசிக்க வேண்டியிருக்கும். பாதரசப் பயன்பாட்டைக் குறைக்கத்தான் 2013-இல் மினமாட்டா உடன்படிக்கை உருவானது. நீங்களும் மாற நினைத்தால் இப்படிச் செய்யுங்கள்.

படி 1: விளக்குக்கு என்ன வேலை?

அவசரத்தில் பலரும் தவறவிடும் படி இது. இயந்திரத்தின் கையேட்டில் அலைநீளத்தைப் பாருங்கள். 254 நானோமீட்டர் மட்டும் என்றால், வேலை கிருமிகளை ஒடுக்குவது, அவற்றின் டி.என்.ஏ. சிதைவதால் பெருக முடியாது. 185-உம் இருந்தால், கரைந்திருக்கும் கரிமப் பொருள்களை உடைப்பதும் சேர்ந்துகொள்கிறது. அந்த ஒளி நீர் மூலக்கூறையே பிளக்கும். அதில் பிறக்கும் ஹைட்ராக்சில் என்ற, எளிதில் வினைபுரியும் துகள் கரிமத்தை ஆக்சிஜனேற்றம் செய்யும்.

படி 2: தேர்வு

கிருமிக்கு மட்டும் என்றால் 265 முதல் 280 நானோமீட்டர் வரையிலான எல்.இ.டி. போதும். சூடேறக் காத்திருக்க வேண்டாம், போட்டதும் எரியும். ஆனால் 185 செய்த வேலையை அதனால் செய்ய முடியாது. அதற்கு 172 நானோமீட்டர் தரும் செனான் எக்ஸைமர் விளக்கு வேண்டும். இந்த ஒளியைத் தண்ணீர் ஒரு மில்லிமீட்டருக்குள்ளேயே விழுங்கிவிடுவதால், விளக்கை ஒட்டித் தண்ணீர் நன்கு கலந்து ஓட வேண்டும். பழைய விளக்குக் கூடும் பேலஸ்டும் (விளக்குக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) இதற்கு ஒத்துவராது. உங்கள் மாடலுக்கென்றே தயாரித்த தொகுப்பைத்தான் வாங்குங்கள்.

படி 3: கழற்றி மாட்டுதல்

மின் இணைப்பைப் பிடுங்குங்கள், தண்ணீர் அழுத்தத்தை வெளியேற்றுங்கள், விளக்கு ஆறட்டும். பழைய விளக்கை உடையாமல் பெட்டியில் வைத்து, அபாயக் கழிவாக ஒப்படையுங்கள். தப்பித்தவறி உடைந்தால் வாக்குவம் கிளீனர் கூடவே கூடாது, ஆவி இன்னும் பரவும். புதியதைக் கையுறையோடு மட்டும் தொடுங்கள். விரல் ரேகை படிந்த குவார்ட்ஸ் கண்ணாடி ஒளியை மறைக்கும். கூட்டை மூடாமல் சுவிட்சைப் போடாதீர்கள், கண்ணும் தோலும் புண்ணாகும்.

படி 4: சோதனை

முதலில் வரும் தண்ணீரை ஓடவிட்டுக் கொட்டிவிடுங்கள். அப்புறம் மின்தடை மீட்டர் மிகத் தூய நீருக்குரிய 18.2 மெகாஓம்-செ.மீ. காட்டினால், சரி, முடிந்தது என்று நினைக்கத் தோன்றும். மின்னூட்டம் இல்லாத கரிமப் பொருள்கள் அந்த மீட்டரின் கண்ணுக்குப் படாது. எனவே, எக்ஸைமர் விளக்கு மாட்டியிருந்தால், மொத்தக் கரிம அளவை, அதாவது டி.ஓ.சி.யை, விளக்கை அணைத்தும் எரியவிட்டும் அளந்து ஒப்பிடுங்கள். விளக்கைத் தாண்டியதுமே அளந்தால் மின்தடை எண் இறங்கித் தெரியலாம். உடைந்த கரிமம் அமிலமாகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் மாறுவதே காரணம், பயப்பட வேண்டாம். விளக்குக்கு அடுத்துள்ள ரெசின், அதாவது மின்னூட்டமுள்ள துகள்களைப் பிடிக்கும் வடிகட்டி, அவற்றைப் பிடித்துக்கொள்ளும்.