ஊரில் ஒரு பொதுக் கணினி மையம்: ஒரு அறை, ஐந்து மடிக்கணினி, ஒரு பிரிண்டர் வைத்துத் தொடங்கும் முறை

கிராமத்தில் கணினி மையம் வைக்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது "என்ன கம்ப்யூட்டர் வாங்கலாம்?" என்றுதான். அந்தக் கேள்வியை மூன்றாவது இடத்துக்குத் தள்ளி வையுங்கள். இயந்திரம் கெட்டு மூடிய மையங்களைவிட, வேலை இல்லாமல் மூடிய மையங்களே அதிகம்.

இதற்கு நம் மதுரை மாவட்டத்திலேயே சான்று உண்டு. 2000-களின் தொடக்கத்தில் மேலூர் தாலுகா கிராமங்களில் 'சாரி' திட்டம் நடந்தது. ஐஐடி மெட்ராஸ், அமெரிக்காவின் எம்ஐடி, ஹார்வர்டு, என்-லாக் நிறுவனம் ஆகியவை சேர்ந்து, கார்டெக்ட் என்ற வயர்லெஸ் இணைப்பில் இணைய மையங்களைத் திறந்தன. அரவிந்த் கண் மருத்துவமனை அந்த மையங்கள் வழியாகவே கண் ஆலோசனை தந்தது. சாதிச் சான்று, வருமானச் சான்று விண்ணப்பங்களுக்கும் நல்ல வரவேற்பு இருந்தது. ஆதரவாக இருந்த அதிகாரிகள் மாறிப்போனதும் சான்றிதழ் வேலை தளர்ந்தது. மாத வரும்படி செலவுக்குப் போதாமல், பல மையங்கள் சில ஆண்டுகளிலேயே மூடின. தொழில்நுட்பம் மட்டும் இருந்து போதவில்லை. கீழே உள்ள படிகளின் வரிசை இதை மனதில் வைத்துப் போட்டது.

படி 1: எந்த வேலைக்காக மையம்?

ரேஷன் கடை வரிசையிலும் டீக்கடையிலும் நின்று குறைந்தது 40 வீட்டாரிடம் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: "போன மாசம் எந்த வேலையா மேலூருக்கோ திருமங்கலத்துக்கோ அலைஞ்சீங்க?" டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, ஆனால் அன்றைய கூலி போய்விடுகிறது. பட்டா நகல், வருமானச் சான்று, ஓய்வூதியர் உயிர்வாழ் சான்று, கல்லூரி விண்ணப்பம், கரண்ட் பில் என்று ஒரு பட்டியல் வரும். அதில் முதல் ஐந்துதான் உங்கள் மையத்தின் வேலை. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

நேரத்தையும் இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். மல்லிகை எடுக்கும் ஊர்களில் விடியலுக்கு முன்பே தோட்டத்துக்குப் போய்விடுவார்கள். பூ மாட்டுத்தாவணி மார்க்கெட்டுக்குக் கிளம்பிய பிறகு, காலை 10 மணிக்கு மேல்தான் பெண்களுக்கு ஓய்வு. நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள் மாலை 4 மணிக்கு மேல் வருவார்கள், பள்ளிப் பிள்ளைகளும் அதே நேரத்தில்தான் வருவார்கள். இரு தரப்பையும் ஒன்றாகச் சேர்த்தால் பெரியவர்கள் கூச்சப்பட்டு ஒதுங்கிவிடுவார்கள். காலை 10:30 முதல் 1 வரை பெரியவர்கள், மாலை 4:30 முதல் 7 வரை மாணவர்கள் என்று பிரித்தால் இரண்டு கூட்டமும் நிற்கும்.

படி 2: அறையும் மின்சாரமும்

சமுதாயக் கூடம், நூலகம், மகளிர் சுயஉதவிக் குழுக் கட்டடம் எதுவும் ஆகும். குறிப்பிட்ட ஒரு தெரு ஆள் மட்டுமே கால் வைக்கிற இடமாக இருக்கக் கூடாது. எல்லாத் தெருவும் தயங்காமல் வரும் இடம் கிடைக்கும்வரை காத்திருப்பது நல்லது. இடத்தில் தவறினால் பிறகு எந்தப் பயிற்சியாலும் அதைச் சரிக்கட்ட முடியாது.

10-க்கு 12 அடி அறை ஐந்து பேருக்குப் போதும். கணினித் திரைகள் ஜன்னலைப் பார்த்திருந்தால் கண் கூசும், ஜன்னலுக்குப் பக்கவாட்டில் வையுங்கள்.

எர்த் சோதிக்காமல் ஒரு கருவியையும் சொருகாதீர்கள். மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, பிளக் பாயிண்டில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே அளக்க வேண்டும். லைனுக்கும் எர்த்துக்கும் நடுவே கிட்டத்தட்ட 230 காட்டி, இது 3 வோல்ட்டுக்குள் இருந்தால் பொதுவாகச் சரி. 10, 20 என்று காட்டினால் எர்த்திலோ நியூட்ரலிலோ கோளாறு. அப்படியே ஓட்டினால் மடிக்கணினியின் உலோக ஓரத்தைத் தொடும்போது சுருக்கென்று இழுக்கும், பயந்த ஆள் மறுநாள் வரமாட்டார். மேலூர்ப் பக்கம் கீழே பாறை என்பதால் குழி ஆழமாகப் போகாது. கோடையில் மண் காய்ந்தால் நல்ல எர்த்தும் பலவீனமாகும். மார்ச் முதல் ஜூலை வரை எர்த் குழிக்கு வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள்.

இன்வெர்ட்டர் கணக்கு இதுதான். ஐந்து மடிக்கணினி தலா 40 வாட், ஒரு மின்விசிறி 75, இணையப் பெட்டி (ரவுட்டர்) 20, மொத்தம் கிட்டத்தட்ட 300 வாட். 12 வோல்ட் 150 ஆம்பியர்-மணி பேட்டரி காகிதத்தில் 1,800 வாட்-மணி. கையில் கிடைப்பது சுமார் 1,100 தான். ஆக மூன்றரை மணி நேரம் ஓடும். அதே இடத்தில் ஐந்து டெஸ்க்டாப் வைத்தால் இரண்டு மணி நேரமே தேறாது. இதனால்தான் மடிக்கணினியைச் சொல்கிறோம்.

லேசர் பிரிண்டரை மட்டும் இன்வெர்ட்டரில் கொடுக்கவே கூடாது. உள்ளே தூளை உருக்கித் தாளில் ஒட்டும் ஃபியூசர் சூடாகும் நொடியில் 800 வாட்டுக்கு மேல் இழுக்கும், இன்வெர்ட்டர் அலறி அணையும், இணையம் அறுந்து ஐந்து பேர் பாதி நிரப்பிய படிவமும் அதோடு போகக்கூடும். அதற்குத் தனி பாயிண்ட், நேரடி மின்வாரிய இணைப்பில்.

படி 3: இயந்திரங்கள்

புதிது தேவையில்லை. அலுவலகங்கள் கழித்துவிடும் பழைய மடிக்கணினிகள் மதுரை டவுன் கடைகளில் கிடைக்கும். 4 ஜிபி ரேம் கட்டாயம், 8 இருந்தால் நிம்மதி. ஹார்ட் டிஸ்க் இருந்தால் கழற்றிவிட்டு 240 ஜிபி எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத வேகமான சேமிப்பு) போடுங்கள். பழைய கணினிக்குச் செய்யும் செலவில் இதைவிடப் பலன் தருவது வேறில்லை.

கடையிலேயே நான்கு விஷயம் பாருங்கள்: எல்லா விசையும் விழுகிறதா, கீல் தளர்ந்திருக்கிறதா, சார்ஜர் அசல் வாட் உள்ளதா, அணைத்து, சார்ஜரையும் பேட்டரியையும் எடுத்துவிட்டு மறுபடி போட்டால் தேதி சரியாக நிற்கிறதா. தேதி 2010 என்று காட்டினால் உள்ளே சிஆர்2032 காசு பேட்டரி தீர்ந்திருக்கிறது. சில மாடல்களில் அதற்கு ஒயர் வைத்த வடிவம் வரும். சின்னச் செலவுதான், ஆனால் விட்டுவிட்டால் எந்தத் தளத்தைத் திறந்தாலும் 'இணைப்பு பாதுகாப்பானது அல்ல' என்றே வரும். தேதி பின்னால் போனால் தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் இன்னும் நடைமுறைக்கே வராததாகத் தெரிவதுதான் காரணம். நெட்டில் கோளாறு என்று நாள்கணக்கில் தேடுவார்கள்.

படி 4: லினக்ஸ் ஏற்றுதல்

விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. விண்டோஸ் 11 பழைய சிப்களை ஏற்காது. பலர் பயன்படுத்தும் இடத்துக்கு, விண்டோஸுக்குப் பதிலான இலவச இயங்குதளம் லினக்ஸ் மின்டின் எக்ஸ்எஃப்சிஇ (Xfce) பதிப்பு நல்ல தேர்வு. 8 ஜிபி பென்டிரைவில் எழுதி, கணினியைப் போடும்போது எஃப்12 அல்லது எஃப்9 அழுத்தி அதிலிருந்து தொடங்குங்கள். நிறுவும் முன் 'முயன்று பார்' நிலையில் வைஃபை, ஒலி, பிரிண்டர் மூன்றும் வேலை செய்கிறதா பாருங்கள்.

அடுத்து, 'லாகின் விண்டோ' அமைப்பில் 'பயனர்கள்' பகுதிக்குப் போய் கெஸ்ட் செஷனை (கடவுச்சொல் இல்லாத தற்காலிகக் கணக்கு) அனுமதியுங்கள். இதில் ஒருவர் வெளியேறியதும் அவர் இறக்கிய கோப்பு, திறந்துவைத்த மின்னஞ்சல், சேமித்த கடவுச்சொல் எல்லாம் அழிந்துவிடும். பொது மையத்துக்கு இதைவிட முக்கியமான அமைப்பு இல்லை.

ஒரு சிக்கல் உண்டு. கெஸ்ட் ஒவ்வொரு முறையும் வெறும் கணக்காகத் திறக்கும், தமிழ் விசைப்பலகை அமைப்பும் போய்விடும். இதற்கு 'மாதிரி' என்று ஒரு பயனரை உருவாக்கி, அதில் தமிழ், பெரிய எழுத்து, பிரிண்டர், புக்மார்க் எல்லாம் அமையுங்கள். பிறகு ஈடிசி (/etc) கோப்புறைக்குள் கெஸ்ட்-செஷன் (guest-session) என்ற கோப்புறையை உருவாக்கி, அதனுள் ஸ்கெல் (skel) என்ற பெயரில் அந்த மாதிரிப் பயனரின் வீட்டுக் கோப்புறைக்கு இணைப்பு கொடுங்கள். அதன்பின் ஒவ்வொரு கெஸ்ட்டும் அந்த நகலோடு தொடங்கும்.

படி 5: தமிழ்த் தட்டச்சு

தமிழில் அடிக்க உதவும் ஐபஸ் (ibus), ஐபஸ்-எம்17என் (ibus-m17n) இரண்டு பொதிகளையும் நிறுவி, ஐபஸ் அமைப்பில் தமிழ்99 என்ற விசை அமைப்பைச் சேர்க்க வேண்டும். சாதாரண விசைப்பலகைப் பட்டியலிலும் தமிழ்99 என்று ஒன்று தெரியும், அதைத் தேர்ந்தெடுத்தால் புள்ளி தானாக விழாது. இந்தக் குழப்பத்தில்தான் பலர் தமிழ்99-ஐயே கைவிடுகிறார்கள்.

தமிழ்99-இல் உயிரெழுத்து இடது கைக்கு, மெய் பெரும்பாலும் வலது கைக்கு. ஆங்கிலம் எழுதத் தெரியாதவருக்கும் இது வசப்படும் என்பதே இதன் பெரிய பலம். 'அம்மா' எழுத அ, ம, ம, ஆ என்று நான்கே தட்டு. ஒரே மெய்யை இரண்டு முறை அடித்தால் முதலாவதற்குப் புள்ளி தானே விழுகிறது. 'மதுரை' என்பதற்கு ம, த, உ, ர, ஐ என்று ஐந்து தட்டு. விசைகளில் ஒட்ட தமிழ் ஸ்டிக்கர் வாங்கும்போது அது தமிழ்99-தானா என்று பார்த்து வாங்குங்கள், பழைய டைப்ரைட்டர் வரிசையிலும் விற்கிறார்கள்.

முதல் வகுப்பில் தட்டச்சு வேண்டாம், மவுஸ் மட்டும் போதும். வயலில் உழைத்த கைக்கு இரட்டைச் சொடுக்கு வேகமாக வராது. கோப்பு மேலாளர் அமைப்பில் ஒற்றைச் சொடுக்கில் திறக்கும்படி மாற்றினால் பாதிப் பயம் அப்போதே போய்விடும்.

படி 6: இணையம்

தமிழ்நாட்டின் 12,525 கிராம ஊராட்சிகளையும் ஃபைபரில் இணைக்கும் பாரத்நெட் வேலையை தமிழ்நாடு ஃபைபர்நெட் நிறுவனம் செய்கிறது. உங்கள் ஊராட்சி அலுவலகத்துக்கு வந்துவிட்டதா என்று கேளுங்கள். இல்லையென்றால் உள்ளூர் கேபிள்காரரின் ஃபைபர் போதும். ஐந்து பேருக்கு 40 எம்பிபிஎஸ் தாராளம். பெட்டியில் 'லாஸ்' (LOS) என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் ஃபைபர் ஒடிந்திருக்கிறது அல்லது கூர்மையாக மடங்கியிருக்கிறது. ரவுட்டரை அணைத்துப் போட்டுப் பயனில்லை, லைன்மேனைக் கூப்பிடுங்கள். ரவுட்டரின் டிஎன்எஸ் (தளப் பெயருக்கு முகவரி தேடித் தரும் சேவை) இடத்தில் 1.1.1.3 என்று போட்டால் ஆபாசத் தளங்களும் தீங்கான தளங்களும் பெரும்பாலும் வடிகட்டப்படும். நெட் இல்லாத நாளுக்கு கிவிக்ஸ் செயலியில் தமிழ் விக்கிப்பீடியாவை இறக்கி வையுங்கள், மாணவர் வகுப்பு நிற்காது.

படி 7: ஓடிபி, ஆதார், பதிவேடு

மையப் பொறுப்பாளர் யாருடைய ஓடிபியையும் கடவுச்சொல்லையும் கேட்கவோ அடிக்கவோ கூடாது. பாட்டிக்கு எழுத்து தெரியாவிட்டாலும், எண்ணைக் காட்டிச் சொல்லி அவர் விரலாலேயே அழுத்தச் செய்யுங்கள். மெதுவாகத்தான் போகும், போகட்டும். பணம் தொலைந்தால் உடனே 1930-க்கு அழைக்க வேண்டும், அந்த எண்ணைச் சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள்.

அடிக்கடி முட்டும் இடம் இதுதான்: அம்மாவின் ஆதாரில் இணைத்த செல் நம்பர் திருப்பூரில் வேலை செய்யும் மகனிடம் இருக்கும். ஓடிபி அங்கே போகும், அவர் ஷிஃப்டில் இருப்பார், நேரம் முடிந்துவிடும். விண்ணப்பம் தொடங்கும் முன்பே "நம்பர் யார்கிட்ட இருக்கு?" என்று கேட்டு, மகனைப் போனில் பிடித்துக்கொண்டு ஆரம்பியுங்கள். அப்படியே, ஆதார் மையத்தில் அம்மாவின் சொந்த எண்ணை இணைத்துவிடச் சொல்லுங்கள்.

கட்டணம் வாங்கிப் பொதுமக்களுக்கு இணையம் கொடுத்தால் 2011-ஆம் ஆண்டின் சைபர் கஃபே விதிகள் பொருந்தும். மையத்தைப் பதிவு செய்ய வேண்டும், வருபவரின் அடையாளம், வந்த நேரம், போன நேரம், கணினி எண் எழுதிய பதிவேட்டை ஓராண்டாவது வைத்திருக்க வேண்டும். பார்த்த தளங்களின் பதிவும் ஓராண்டு வேண்டும். கெஸ்ட் செஷன் அதை அழித்துவிடும் என்பதால் ரவுட்டரிலோ தனிக் கணினியிலோ அது பதிவாக வேண்டும். அடையாள நகலுக்கு ஆதார் கொடுத்தால் கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மறைப்பு ஆதாரை வாங்கிப் பூட்டி வையுங்கள்.

படி 8: மாதச் செலவு

நெட், கரண்ட், டோனர், பேட்டரிக்கு ஒதுக்கீடு, பொறுப்பாளர் சம்பளம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, பிரிண்ட், ஸ்கேன், சேவைக் கட்டணத்தில் எவ்வளவு வரும் என்று பக்கத்தில் எழுதுங்கள். சம்பளத்தை விட்டுவிட்டுப் போடும் கணக்கு பொய்க் கணக்கு. கற்றுக்கொள்ள வருபவரிடம் காசு வாங்காதீர்கள், வேலை முடிக்க வருபவரிடம் வாங்குங்கள். சான்றிதழ் விண்ணப்பங்களுக்கு இ-சேவை உரிமம் பெற்றால், அரசு வைத்த கட்டணத்தை மட்டும் வாங்கி ரசீது கொடுங்கள், கட்டணப் பலகையை வாசலில் மாட்டுங்கள்.

பிரிண்டர் கருப்பு-வெள்ளை லேசராகவே இருக்கட்டும். இங்க்ஜெட் மதுரை வெயிலில் இரண்டு வாரம் சும்மா இருந்தாலே முனை அடைத்துக்கொள்ளும். எச்பி 12ஏ வகை கார்ட்ரிட்ஜ் (தூள் பெட்டி) சுமார் 2,000 பக்கம் வரும். ரீஃபில் செய்ததில் பக்கத்தின் ஓரமாகக் கருப்புக் கோடு விழுந்தால் டிரம் தேய்ந்திருக்கிறது, மறுபடி தூள் போட்டுப் பயனில்லை, மாற்றிவிடுங்கள்.

மாதம் ஒருமுறை பேட்டரியில் டிஸ்டில்டு வாட்டர் அளவு, மடிக்கணினி விசிறியின் தூசி, சார்ஜர் வயரின் கழுத்து மூன்றையும் பாருங்கள். மின் இணைப்புப் பெட்டிக்குள் பல்லியும் எறும்பும் குடியேறாதபடி காலியாக உள்ள ஓட்டைகளை டேப் ஒட்டி அடையுங்கள். ஒவ்வொரு மடிக்கணினியிலும் டைம்ஷிஃப்ட் செயலியில் இயங்குதளத்தின் நகலை வாரம் ஒருமுறை தானாக எடுக்கும்படி அமைத்துவிட்டால், ஒரு புதுப்பிப்பு கெடுத்துவிட்டாலும் பழைய நிலைக்குப் பத்துப் பதினைந்து நிமிடத்தில் திரும்பிவிடலாம்.