1970 ஜனவரி 1, காலை 5:30: உங்கள் டேபிளிலும் இந்தத் தேதி இருக்கிறதா?

உங்கள் டேட்டாபேஸில் தேதி ஃபீல்டு இருக்கிற ஏதாவது ஒரு டேபிளைத் திறந்து 1970-01-01 என்று தேடிப் பாருங்கள். பக்கத்திலேயே 05:30:00 என்றும் இருந்தால், அதை நிரப்பிய ஸ்கிரிப்ட் (சின்ன நிரல்) ஓடியது இந்திய நேரத்தில் என்பது வரைக்கும் சொல்லிவிடலாம். உள்ளே வந்த தேதி ஸ்கிரிப்டுக்குப் புரியவில்லை, அதனால் பூஜ்யம் போய்ச் சேர்ந்திருக்கிறது. நேரத்தை நொடிகளாக எண்ணுகிற யூனிக்ஸ் கணக்கில் பூஜ்யம் என்றால் 1970 ஜனவரி 1 நள்ளிரவு, யூடிசி என்கிற உலகப் பொது நேரப்படி. நமக்கு அது காலை ஐந்தரை.

இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், நானே போட்டு வைத்திருக்கிறேன். தெரிந்தவர் ஒருவர் பால் கடை வைத்திருக்கிறார், எக்ஸலில் இருந்த பழைய பில் கணக்கையெல்லாம் மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸுக்கு மாற்றித் தரச் சொன்னார், நானும் பிஎச்பி மொழியில் இருபது வரி எழுதி ஒரே ராத்திரியில் முடித்துவிட்டேன். தேதி எல்லாம் 03/05/2024 என்கிற மாதிரி இருந்தது, அதாவது மே 3. பிஎச்பியில் தேதியைப் படிக்கிற ஸ்ட்ர்டுடைம் (strtotime) ஃபங்ஷன் சாய்கோட்டைப் பார்த்தால் அமெரிக்கத் தேதி என்று எடுத்துக்கொள்ளும், மாதம் முதலில், நாள் அப்புறம். அதே தேதியைச் சின்னக் கோடு போட்டு 03-05-2024 என்று கொடுத்தால் நம்மூர் வழக்கப்படி நாள் முதலில் என்று படிக்கும். ஒரு கோட்டின் சாய்வில் மே 3 மார்ச் 5 ஆகிவிடுகிறது!

இதில் குரூரமான விஷயம், மாதத்தின் முதல் 12 நாளுக்கு ஒரு சத்தமும் வராது. 13/05/2024 வரும்போதுதான் 13ஆம் மாதம் ஏது என்று ஃபங்ஷன் ஃபால்ஸ், அதாவது முடியவில்லை என்று, கொடுக்கும், அந்த ஃபால்ஸை நான் சோதிக்காமல் அப்படியே டேட் ஃபங்ஷனுக்குக் கொடுத்தேன், அது பூஜ்யமாகி 1970 ஆனது. நான் பார்த்ததும் அந்த 1970 வரிகளைத்தான். அவற்றை மட்டும் திருத்திவிட்டு வேலை முடிந்தது என்று டீ குடிக்கப் போனேன். உண்மையில் கெட்டுப்போயிருந்தவை, பார்க்க நன்றாக இருந்த அந்த முதல் 12 நாட்கள்.

ஆகவே ஸ்கிரிப்டை ஊகிக்க விடாதீர்கள். அதற்கென்றே ஃபங்ஷன்கள் உண்டு: பிஎச்பியில் கிரியேட்ஃப்ரம்ஃபார்மேட் (createFromFormat), பைத்தானில் ஸ்ட்ர்ப்டைம் (strptime), மைஎஸ்க்யூஎல்லுக்குள்ளேயே என்றால் ஸ்ட்ர் டு டேட் (STR_TO_DATE). எதுவானாலும் "முதலில் நாள், அடுத்து மாதம், அப்புறம் நான்கு இலக்க ஆண்டு" என்று ஃபார்மேட்டை நாமே சொல்லிவிட வேண்டும். பிஎச்பிக்காரர்களுக்கு மட்டும் இரண்டு எச்சரிக்கை. கிரியேட்ஃப்ரம்ஃபார்மேட்டில் மணி கொடுக்கவில்லை என்றால் அது ஸ்கிரிப்ட் ஓடுகிற நேரத்தை எடுத்து நிரப்பிவிடும், ஃபார்மேட்டின் தொடக்கத்தில் ஒரு ஆச்சரியக்குறி போட்டால்தான் 00:00:00 ஆகும். இன்னொன்று, 31/02/2024 என்று கொடுத்தால் திட்டாது, மார்ச் 2 என்று நகர்த்திக் கொடுத்துவிடும். பைத்தான் இந்த விஷயத்தில் கறார், எரர் போட்டு நின்றுவிடும். எனக்குக் கறார்தான் பிடிக்கும்.

ஃபார்மேட்டில் மாதம், நிமிடம் என்று குறிக்கப் போடுகிற எழுத்துகளுக்கு வருவோம். டேட்டாபேஸுக்குப் போக வேண்டிய வடிவம் 2024-05-03 18:40:00, ஆண்டு-மாதம்-நாள், அப்புறம் 24 மணி நேரக் கணக்கு. பிஎச்பியில் ஸ்மால் எம் என்றால் மாதம், நிமிடத்துக்கு ஸ்மால் ஐ. நிமிடம்தானே என்று அங்கே எம் போட்டுவிட்டால் மே மாதம் முழுக்க எல்லா பில்லும் ஐந்தாவது நிமிடத்தில் போட்டதாக இருக்கும், ஜூனில் ஆறாவது நிமிடம். பைத்தானில் ஸ்மால் எம் மாதம், கேப்பிடல் எம் நிமிடம், ஜாவாவில் நேர்மாறு. அதே ஜாவாவில் ஆண்டுக்கு ஸ்மால் ஒய் போடாமல் கேப்பிடல் ஒய் போட்டால் அது வாரக் கணக்கு ஆண்டு, டிசம்பர் கடைசி நாட்கள் சில அடுத்த ஆண்டுக்குத் தாவிவிடும், மற்ற நாளெல்லாம் சரியாகவே இருக்கும். மணிக்கு ஸ்மால் எச் போட்டால் பிஎச்பியில் 12 மணி நேரக் கணக்கு, மாலை 6:40 காலை 6:40 ஆகிவிடும். மனப்பாடம் வேண்டாம், மாலை நேரம் ஒன்றைக் கொடுத்து என்ன வருகிறது என்று ஒரு தடவை கண்ணால் பாருங்கள்.

மேற்கோள் குறி விட்டுப்போவது பழைய கதை. 2024-05-03 என்று குறி இல்லாமல் டேட்டாபேஸின் கட்டளை மொழியான எஸ்க்யூஎல்லில் எழுதினால் அது தேதி இல்லை, கழித்தல் கணக்கு: 2024இலிருந்து 5 போய் 3 போய் 2016. எஸ்க்யூலைட் டேட்டாபேஸில் தேதிக்கென்று தனி வகையே கிடையாது, அதனால் 2016ஐ அப்படியே வாங்கி வைத்துக்கொள்ளும். எஸ்க்யூஎல் சர்வர் என்கிற இன்னொரு டேட்டாபேஸின் டேட்டைம் ஃபீல்டு இன்னும் வேடிக்கை, 1900 ஜனவரி 1இலிருந்து 2016 நாள் எண்ணி 1905 ஜூலை 10 என்று போடும். ஸ்ட்ரிங்கை (எழுத்துத் தொடரை) ஒட்டி ஒட்டிக் கட்டளை தயாரிப்பதை விட்டுவிட்டு, மதிப்பு வர வேண்டிய இடத்தில் கேள்விக்குறி போட்டு மதிப்பைத் தனியாக அனுப்பினால் இந்தத் தொல்லையும் இல்லை, யாராவது மதிப்புக்குள் தன் கட்டளையை நுழைத்துவிடும் எஸ்க்யூஎல் இன்ஜெக்‌ஷன் பயமும் இல்லை.

சரி, டைம் ஸோன். பால் கடை காலை 4 மணிக்கே திறந்துவிடும். சர்வர் ஓடுவது யூடிசியில். 4 மணி பில், சர்வர் கணக்கில் முந்தைய நாள் இரவு 10:30. நள்ளிரவிலிருந்து ஐந்தரை வரை நடப்பதெல்லாம் நேற்றைய கணக்கில் ஏறும், மற்ற கடைகளில் யாரும் கவனிக்கக்கூட மாட்டார்கள், இவருக்கோ பாதி வியாபாரம் அந்த நேரத்தில்தான். என் மடிக்கணினியில் ஓட்டிப் பார்த்தபோது எல்லாம் சரியாக வந்தது, ஏனென்றால் அதில் இந்திய நேரம். இதில் மூன்று கடிகாரம் இருக்கிறது என்பதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்: சர்வர் இயங்குதளத்தின் நேரம், பிஎச்பி அமைப்பில் உள்ள நேரம், மைஎஸ்க்யூஎல் இணைப்பின் நேரம். இணைப்பு திறந்ததுமே டைம் ஸோனை +05:30 என்றோ +00:00 என்றோ நீங்களே சொல்லிவிடுங்கள். ஸ்கிரிப்டிலும் அதையே வையுங்கள். ஒரு ஃபீல்டை ஸ்கிரிப்டின் நேரத்தாலும் பக்கத்து ஃபீல்டை டேட்டாபேஸில் இப்போதைய நேரத்தைத் தரும் நவ் (NOW) ஃபங்ஷனாலும் நிரப்பினால், பில் போடும் முன்பே பணம் வந்ததாக ரிப்போர்ட் சொல்லும்.

ஜாவாஸ்கிரிப்டிலும் இதே பொறி உண்டு. நம் நேரப்படி மே 3 நள்ளிரவை எடுத்து யூடிசிக்கு மாற்றி எழுதுகிற டுஐஎஸ்ஓஸ்ட்ரிங் (toISOString) போட்டு முதல் பத்து எழுத்தை வெட்டினால் மே 2 கிடைக்கும். பிறந்தநாள் ஒரு நாள் முன்னால் போய்விட்டது என்ற புகார் வந்தால் நான் முதலில் இந்த வெட்டைத்தான் தேடுவேன்.

பிறந்தநாளுக்கு நேரமே தேவையில்லை, டேட் வகை போதும். மைஎஸ்க்யூஎல்லின் டைம்ஸ்டாம்ப் வகையில் வைத்தால் 1970க்கு முன் பிறந்தவர்களுக்கு இடமே இல்லை, மேல் எல்லையும் 2038 ஜனவரி 19தான், இருபது வருடக் கடனின் கடைசித் தவணை அதைத் தாண்டிவிடும். இரண்டு இலக்க ஆண்டும் வேண்டாம்: 65 என்று கொடுத்தால் மைஎஸ்க்யூஎல் 2065 என்று எடுக்கும், 70இலிருந்துதான் 1970.

தேதி தெரியவில்லை என்றால் நல் (NULL, அதாவது மதிப்பே இல்லை) போடுங்கள், வெற்று ஸ்ட்ரிங் போடாதீர்கள். மைஎஸ்க்யூஎல் 5.7 முதல், தவறான மதிப்பை ஏற்காத ஸ்ட்ரிக்ட் மோட் இயல்பாகவே இருப்பதால் வெற்று ஸ்ட்ரிங்குக்கு எரர் வரும். உடனே இணையத்தில் தேடினால் ஸ்ட்ரிக்ட் மோடை அணைத்துவிடு என்று யாராவது சொல்லியிருப்பார்கள், அணைத்தால் எரர் போய்விடும், 0000-00-00 வந்து உட்காரும். புகை வருகிறதென்று மணியைக் கழற்றிய கதைதான்.

கெட்டுப்போன டேபிளை மீட்க முடியுமா என்று கேட்டால், எந்தத் தவறு என்பதைப் பொறுத்தது. ஐந்தரை மணி நேரம் தள்ளியிருப்பது ஒரே அப்டேட்டில் சரியாகும், எந்த வரிகள் எந்த சர்வரிலிருந்து வந்தன என்பது மட்டும் தெரிந்திருக்க வேண்டும். நாளும் மாதமும் இடம் மாறியதை நான் திருப்பி மாற்றிவிட்டேன், மூல எக்ஸல் கையில் இருந்ததால். ஆனால் காலை மாலை அழிந்துபோன நேரத்துக்கு வழியே இல்லை. கவுண்டரில் புதிய பில் போட நான் எழுதிக் கொடுத்த ஸ்கிரிப்டில் அந்த ஸ்மால் எச்தான் இருந்திருக்கிறது, அவை எக்ஸலிலும் கிடையாது. இரண்டு வாரப் பில்களுக்குக் கடைக்காரரின் கார்பன் காப்பிப் புத்தகத்தை வாங்கி வந்து ஒவ்வொன்றாகத் தட்டினேன், அதில் அவர் நேரத்தை "கா", "மா" என்று பேனாவால் எழுதி வைத்திருந்தார்.