வயலில் எடுத்த படத்தில் முகம் பச்சையடிக்கிறதா?

சம்பா வயல் நடுவே நிற்கவைத்து எடுத்த படத்தில் முகம் ஒரு மாதிரி பச்சையாகத் தெரியும். கேமரா மீது குற்றமில்லை. பயிரில் பட்டுத் திரும்பும் வெளிச்சம்தான் தாடையிலும் கழுத்திலும் படிகிறது. திருவையாறு பக்கம் எடுக்கும் படங்களில் எனக்கு இது வாடிக்கை.

படங்களைத் திருத்தும் ஸ்னாப்சீட் செயலியில், நிறத்தைச் சரிசெய்யும் 'ஒயிட் பேலன்ஸ்' திறந்தால் டெம்பரேச்சர், டின்ட் என்று இரண்டு இருக்கும். முதலாவது நீலம்-மஞ்சளுக்கு, அடுத்தது பச்சை-மெஜந்தாவுக்கு (மெஜந்தா என்றால் சிவப்பும் ஊதாவும் கலந்த நிறம்). நமக்கு வேண்டியது டின்ட். மெஜந்தா பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துங்கள், பச்சை விலகும். கன்னம் ரோஸ் நிறமானால் அதிகம் என்று அர்த்தம். ஆனால் அப்படியே விட்டால் பயிரும் சேர்ந்து வாடிப்போய்த் தெரியும். அந்தப் பசுமைக்காகத்தானே அங்கே போனோம்! அதனால் செய்த திருத்தங்களைக் காட்டும் 'வியூ எடிட்ஸ்' போய், அந்தத் திருத்தத்தைப் பிரஷ்ஷால் முகத்தில் மட்டும் பூசுங்கள்.

ஒயிட் பேலன்ஸிலேயே டிராப்பர் என்று ஒன்று உண்டு; தொட்ட இடத்தை நிறமற்றதாக எடுத்துக்கொண்டு மொத்தப் படத்தையும் அதற்கேற்ப மாற்றும். அதனால் படத்தில் உள்ள வெள்ளை வேட்டியைத் தொட்டும் சரிசெய்யலாம். நீலம் போட்டுத் துவைத்த வேட்டி என்றால் வேண்டாம், படம் மஞ்சளடிக்கும். அப்புறம், தஞ்சைப் பெரிய கோயிலை மாலை வெயிலில் எடுத்த படமா? டிராப்பர் பக்கமே போகாதீர்கள். கல்லில் இருக்கும் அந்தப் பொன்னிறம் போய்விடும்.