சர்க்கரை இருந்தால் விழித்திரையைக் காட்டுங்கள்

கண் மருத்துவமனையில், கண்ணின் உள்ளே பின்புறம் உள்ள விழித்திரையை மருத்துவர் பார்ப்பதற்காக, நோயாளிகளுக்குக் கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து விடுவது என் வேலை. "பார்வை நன்றாகத்தானே இருக்கிறது, எனக்கு எதற்கு இது?" என்று யாராவது கேட்காத நாளில்லை. சர்க்கரை நோய் விழித்திரையின் நுண்ணிய ரத்தக் குழாய்களைக் கெடுக்கத் தொடங்கும்போது வலிக்காது, பார்வையும் குறையாது. பார்வை மங்கிய பிறகு வருபவர்களைப் பார்க்கும்போதெல்லாம் மனம் பதறுகிறது.

இரண்டாம் வகை சர்க்கரை நோய் என்று தெரிந்ததுமே ஒருமுறை காட்டுங்கள், பிறகு ஆண்டுதோறும். முதல் வகை என்றால் 5 ஆண்டுகளுக்குள் தொடங்க வேண்டும். ஏற்கெனவே சர்க்கரை உள்ள பெண் கருவுற்றால் முதல் மூன்று மாதங்களிலேயே காட்டிவிட வேண்டும்.

கண்ணாடிக் கடையில் எழுத்துப் பலகையைப் படித்துக் காட்டுவது இதற்கு ஈடாகாது. "சொட்டு விட்டு விழித்திரையைப் பாருங்கள்" என்று வாய்விட்டுக் கேளுங்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம், சிறுநீரகம் தொடர்பான ரிப்போர்ட்டுகளை எடுத்து வாருங்கள். பைக் ஓட்டி வராதீர்கள். துணைக்கு ஒருவர் வரட்டும். கண்நீர் அழுத்த நோய் (கிளாக்கோமா) இருந்தால் சொட்டு விடும் முன்பே சொல்லிவிடுங்கள்.

மருந்து சற்று எரியும். கண்ணை மூடி அரை மணி நேரம் உட்கார்ந்த பிறகு டார்ச் அடித்துப் பார்ப்பேன். வெளிச்சம் பட்டும் கண்மணி சுருங்காமல் அகன்றே நின்றால்தான் மருத்துவரிடம் அனுப்புவேன். நாள்பட்ட சர்க்கரை உள்ளவர்களுக்குக் கண்மணி எளிதில் விரியாது. மறுபடியும் விட வேண்டியிருக்கும். தயவுசெய்து பாதியில் எழுந்து போய்விடாதீர்கள். சில மணி நேரம் எழுத்து மங்கும், வெயில் கூசும். கறுப்புக் கண்ணாடி உதவும்.

ரத்தக் கசிவோ வீக்கமோ தெரிந்தால் லேசர் சிகிச்சையும் கண்ணுக்குள் போடும் ஊசியும் இருக்கின்றன. ஊசி என்றதும் முகம் வெளுத்துவிடும். மரத்துப்போக மருந்து விட்டுத்தான் போடுவார்கள்.

சர்க்கரை ஏறி இறங்கும்போது கண்ணாடியின் பவரும் மாறும். அளவு சீராகிச் சில வாரங்கள் கழித்துப் புதுக் கண்ணாடி வாங்குங்கள், பணம் வீணாகாது.

வீட்டில் ஒரு கண்ணை மூடி, மற்றதால் ஜன்னல் கம்பியைப் பாருங்கள். இரண்டையும் திறந்து பார்த்தால் நல்ல கண் மற்றதன் குறையை மறைத்துவிடும். கம்பி வளைந்து தெரிந்தால் அந்த வாரமே வாருங்கள். திடீரென்று கரும்புள்ளிகள் மிதந்தாலோ, திரை விழுந்ததுபோல் ஒரு பக்கம் இருண்டாலோ அன்றைக்கே வந்துவிடுங்கள், ஞாயிற்றுக்கிழமையானாலும்.