பழைய வீட்டுக் கணினியில் உரைச் சாகச விளையாட்டு: மின்வழங்கி முதல் வரைபடத் தாள் வரை

உரைச் சாகச விளையாட்டில் பெரும்பாலும் படம் இருக்காது. விரல் வேகத்துக்கும் வேலை இல்லை. நீங்கள் நிற்கும் இடத்தைத் திரை நான்கைந்து வரிகளில் சொல்லும். என்ன செய்ய விரும்புகிறீர்கள் என்பதை நீங்கள் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்ய வேண்டும். அதனால் என்ன நடந்தது என்பதைத் திரை மறுபடியும் சொற்களிலேயே சொல்லும். குகைகளில் இறங்கி அளப்பதில் ஈடுபாடு கொண்டிருந்த நிரலாளர் வில் க்ரௌதர், கென்டக்கியிலுள்ள மாமத் குகைத் தொகுதியின் ஒரு பகுதியை அடிப்படையாக வைத்து, பிடிபி-10 என்ற பெரிய கணினிக்காக எழுதிய ‘கொலாசல் கேவ் அட்வென்ச்சர்’ 1976இல் வெளிவந்தது. அதை 1977இல் டான் வுட்ஸ் பெரிதாக விரித்து எழுதினார். ஸ்காட் ஆடம்ஸ் 1978இல் ‘அட்வென்ச்சர்லேண்ட்’ விளையாட்டை டிஆர்எஸ்-80 கணினிக்கு எழுதி, இந்த வகையை வீட்டுக்குள் கொண்டுவந்தார். 1980இல் இன்ஃபோகாம் நிறுவனத்தின் ‘சோர்க் 1’ வந்தபோது, வீட்டுக் கணினியோடு முழு வாக்கியத்தில் பேச முடிந்தது.

இந்த விளையாட்டுகளை அவை பிறந்த காலத்துக் கணினியிலேயே விளையாட விரும்புபவருக்காக இதை எழுதுகிறேன். கதை மட்டும் போதும் என்றால், கமடோர் 64 கணினியைப் போலவே இயங்கும் வைஸ் என்ற இலவசப் போலியாக்கி மென்பொருள் போதுமானது. பழைய கணினியை வாங்கும் முன் அதில் ஓரிரு மாலை விளையாடிப் பார்ப்பதும் நல்லது. செயல்முறையைக் கமடோர் 64 கணினியையும் அதன் 1541 வட்டு இயக்கியையும் வைத்தே விளக்குகிறேன், ஏனெனில் எனக்குக் கைப்பழக்கம் உள்ளவை அவைதாம். கட்டளைகளை இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன். விசைப்பலகையில் அவற்றை ஆங்கில எழுத்துகளில் தட்டச்சு செய்ய வேண்டும்.

முதலில் மின்சாரம்

பழைய கணினி கைக்கு வந்ததும் உடனே இயக்கிப் பார்க்கும் ஆவல் எல்லோருக்கும் வரும். கமடோர் 64 விஷயத்தில் அந்த ஆவலை அடக்கியே ஆக வேண்டும். அதனுடன் வந்த மூல மின்வழங்கிகளில் பல, உள்ளே பிசின் ஊற்றி மூடப்பட்டவை. அவற்றைத் திறந்து பழுது பார்ப்பது கடினம். அவற்றிலுள்ள மின்னழுத்தச் சீராக்கி பழுதானால், 5 வோல்ட் தர வேண்டிய இணைப்பில் மின்னழுத்தம் ஏறிவிடும். அந்தக் கூடுதல் அழுத்தம் நேராக நினைவகச் சில்லுகளுக்குப் போய் அவற்றை அழித்துவிடும். ஆகவே, கணினியில் செருகும் முன் மின்வழங்கியை மட்டும் சுவரில் செருகி, மல்டிமீட்டரால் அதன் செருகியை அளந்து பாருங்கள். நேர்மின்சாரம் 5 வோல்ட்டை ஒட்டியும், மாறுமின்சாரம் 9 வோல்ட்டை ஒட்டியும் இருக்க வேண்டும். நேர்மின்சாரம் 5.25 வோல்ட்டைத் தாண்டினால் அந்த மின்வழங்கியை ஒதுக்கிவிடுங்கள். அளவு சரியாக இருந்தாலும் அது நாளை ஏறாது என்பதற்கு உறுதி எதுவும் இல்லை என்பதால், புதிதாகச் செய்யப்பட்ட மின்வழங்கி ஒன்றை வாங்குவதே என் பரிந்துரை. அது இயலாவிட்டால், அழுத்தம் ஏறியதும் இணைப்பைத் துண்டிக்கும் சிறு காப்புப் பெட்டி ஒன்றை இடையில் மாட்டலாம்.

வேறு கணினி வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல். பிபிசி மைக்ரோ, ஆப்பிள் 2 ஆகியவற்றின் மின்வழங்கிகளில் உள்ள வடிகட்டி மின்தேக்கிகள் வயதாகி வெடிப்பு விட்டிருக்கும். இயக்கிய சில நிமிடங்களில் புகை கிளப்புவது அவற்றின் வழக்கம். அவற்றை முன்கூட்டியே மாற்றிவிட வேண்டும். மின்வழங்கியைத் திறந்து பழக்கம் இல்லாதவர்கள் தெரிந்த ஒருவரிடம் கொடுத்து மாற்றிக்கொள்ள வேண்டும்.

வாசிக்கத் தகுந்த திரை

மணிக்கணக்கில் வாசிக்கப் போகிறோம் என்பதை நினைவில் கொண்டு திரையை அமைக்க வேண்டும். கமடோர் 64 ஒரு வரிக்கு 40 எழுத்துகளையும், இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் 32 எழுத்துகளையும் காட்டும். ஆன்டெனா செருகி வழியே தொலைக்காட்சியில் இணைத்தால் எழுத்துகளின் ஓரம் கலங்கித் தெரியும். அரை மணி நேரத்தில் கண் சோர்ந்துவிடும். கமடோர் 64இன் பின்புறத்தில் 8 முனைகள் கொண்ட வீடியோ செருகி இருந்தால், ஒளிச் சமிக்ஞையையும் வண்ணச் சமிக்ஞையையும் தனித்தனியே கொண்டுசெல்லும் கேபிளைப் பயன்படுத்துங்கள். படம் ஓடும் விளையாட்டில் இந்த வேறுபாடு பெரிதாகத் தெரியாமல் போகலாம். எழுத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்கும் விளையாட்டில் இதுதான் முதன்மையானது.

வட்டைச் செருகி ஏற்றுதல்

முதலில் வட்டு இயக்கியை இயக்கி, பிறகு கணினியை இயக்கி, அதற்குப் பிறகே வட்டைச் செருக வேண்டும். மின்சாரம் வரும்போதோ போகும்போதோ வட்டு உள்ளே இருந்தால், அதில் உள்ள தரவு கெட வாய்ப்பு உண்டு. செருகும் முன், வட்டின் ஓரத்தில் உள்ள வெட்டுக்குழியை ஒரு துண்டு ஒட்டுத்தாளால் மூடிவிடுங்கள். இந்த 5.25 அங்குல வட்டுகளில் குழி மூடப்பட்டால் இயக்கியால் எழுத முடியாது; தவறுதலாக எந்தக் கட்டளை கொடுத்தாலும் விளையாட்டு அழியாது.

திரையில் ‘ரெடி’ என்று வந்ததும், லோட் என்று தட்டச்சு செய்து, மேற்கோள் குறிகளுக்குள் ஒரு நட்சத்திரக் குறியை இட்டு, அதன்பின் காற்புள்ளி, 8, காற்புள்ளி, 1 என்று முடித்து ரிட்டர்ன் விசையை அழுத்துங்கள். நட்சத்திரம் வட்டின் முதல் கோப்பைக் குறிக்கும். 8 என்பது வட்டு இயக்கியின் எண். விளையாட்டு தானாகத் தொடங்காவிட்டால், ரன் என்று தட்டச்சு செய்ய வேண்டும். இயக்கியின் சிவப்பு விளக்கு விட்டுவிட்டு மின்னினால் வட்டை வாசிப்பதில் பிழை என்று பொருள். வாசிப்பு முனையை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் மெல்லத் துடைத்துவிட்டு மறுபடி முயலுங்கள்.

ஏற்றி முடிந்த பிறகும் வட்டை வெளியே எடுக்கக் கூடாது. ‘சோர்க் 1’ கதைக் கோப்பு மட்டும் சுமார் 85 கிலோபைட். கணினியின் மொத்த நினைவகமோ 64 கிலோபைட். ஆகவே நீங்கள் புதிய அறைக்குள் நுழையும்போது, அந்த அறைக்கு வேண்டிய பகுதியை வட்டிலிருந்து கணினி அவ்வப்போது எடுத்துக்கொள்கிறது. நொடிக்குச் சில நூறு பைட் மட்டுமே கடத்தும் இயக்கி அது. விளக்கு எரியும், இயக்கி முனகும், அதன்பின் பத்தி விரியும். அந்தக் காத்திருப்பை நான் குறையாகக் கருதவில்லை. கதவைத் தள்ளிவிட்டு உள்ளே என்ன இருக்கும் என்று நினைத்துப் பார்க்க அது நேரம் தருகிறது.

மூல வட்டுகள் கிடைக்காவிட்டால், எஸ்டி அட்டையில் உள்ள வட்டுப் படிமக் கோப்புகளை உண்மை வட்டு போலக் காட்டும் எஸ்டி2ஐஈசி, பை1541 போன்ற கருவிகள் உள்ளன. இன்றும் பலர் இந்த வகையில் புதிய கதைகளை எழுதிவருகிறார்கள். இன்ஃபோகாம் கோப்பு வடிவில் எழுதப்பட்டவற்றைக் கமடோர் 64இல் இயக்க ஓஸ்மூ என்ற மென்பொருள் உதவுகிறது.

மற்ற கணினிகளில் முறை சற்று மாறும். ஆப்பிள் 2இல் வட்டைச் செருகிக் கணினியை இயக்கினால் போதும். பிபிசி மைக்ரோவில் ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி பிரேக் விசையைத் தட்ட வேண்டும். 48 கிலோபைட் ஸ்பெக்ட்ரமில் ஜே விசையை அழுத்தினாலே லோட் என்ற முழுச் சொல் வந்துவிடும். பிறகு சிம்பல் ஷிஃப்ட் விசையுடன் பி விசையை இருமுறை அழுத்தி, என்டர் விசையை அழுத்தி, கேசட்டை ஓடவிட வேண்டும். திரையின் ஓரத்தில் முதலில் சிவப்பும் வெளிர்நீலமும், பிறகு நீலமும் மஞ்சளுமாகக் கோடுகள் ஓடினால் ஏறுகிறது என்று அறியலாம். ஏறாவிட்டால் முதலில் ஒலியளவை மாற்றிப் பாருங்கள். பெரும்பாலும் அதிலேயே தீர்ந்துவிடும்.

சேமிப்பு வட்டு

விளையாட்டுக்குள் நுழையும் முன்பே இதைத் தயார் செய்துகொள்ள வேண்டும். நான் முதன்முதலில் விளையாடியபோது, நான்கு மணி நேரம் கழித்துச் சேவ் கட்டளை கொடுத்தேன். ஃபார்மட் செய்த வட்டு கையில் இல்லை. விளையாட்டை விட்டு வெளியேறாமல் வட்டை ஃபார்மட் செய்யவும் வழியில்லை. அந்த நான்கு மணி நேரத்தையும் அப்படியே இழந்தேன்.

செய்முறை எளிது. விளையாட்டு வட்டை வெளியே எடுத்துவிட்டு, வெற்று வட்டைச் செருகுங்கள். ஓபன் 15,8,15 என்று தட்டச்சு செய்து, ஒரு காற்புள்ளி இட்டு, மேற்கோள் குறிகளுக்குள் என் என்ற எழுத்து, 0, முக்காற்புள்ளி, வட்டுக்கு நீங்கள் வைக்கும் பெயர், காற்புள்ளி, இரண்டு எழுத்து அடையாளம் ஆகியவற்றை வரிசையாக இட்டு, ரிட்டர்ன் விசையை அழுத்துங்கள். ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். விளக்கு அணைந்ததும் குளோஸ் 15 என்று முடியுங்கள். இந்தக் கட்டளை வட்டில் உள்ள அனைத்தையும் அழித்துவிடும் என்பதால்தான் விளையாட்டு வட்டின் வெட்டுக்குழியை முன்பே மூடச் சொன்னேன்.

அதனிடம் பேசும் மொழி

ஸ்காட் ஆடம்ஸ் வகை விளையாட்டுகள் வினைச்சொல் ஒன்று, பெயர்ச்சொல் ஒன்று என இரண்டு சொற்களையே ஏற்கும். இன்ஃபோகாம் விளையாட்டுகள் “விளக்கைத் தவிர எல்லாவற்றையும் எடு” என்பதற்கு நிகரான ஆங்கில வாக்கியத்தையும் புரிந்துகொள்ளும். ‘சோர்க் 1’ போன்ற தொடக்ககால இன்ஃபோகாம் விளையாட்டுகள் ஒரு சொல்லின் முதல் ஆறு எழுத்துகளை மட்டுமே பார்க்கும். ஆகவே நீண்ட சொற்களை முழுதும் தட்டச்சு செய்யத் தேவையில்லை. திசைகளுக்கு முதலெழுத்து போதும். எல் என்றால் சுற்றிப் பார், ஐ என்றால் கையிருப்பைக் காட்டு, இசட் என்றால் காத்திரு. பொருளை உற்றுப் பார்க்க எக்ஸாமின் என்று முழுச் சொல்லையும் தருவதே பாதுகாப்பு. பிற்காலத்தில் வந்த எக்ஸ் என்ற சுருக்கம் பழைய விளையாட்டுகள் பலவற்றுக்குப் புரியாது.

தொடங்கியதும் வெர்போஸ் என்ற கட்டளையைக் கொடுத்துவிடுங்கள். அது இல்லாவிட்டால், ஏற்கனவே பார்த்த அறைக்குத் திரும்பும்போது அறையின் பெயரும் அங்கே கிடக்கும் பொருள்களும் மட்டுமே வரும்; மாறிப்போன ஒரு சிறு விவரம் கண்ணில் படாமல் போகும். விவரணையில் வரும் ஒவ்வொரு பெயர்ச்சொல்லையும் ஒருமுறை உற்றுப் பாருங்கள். புதிர்களில் பாதி அங்கேயே அவிழ்ந்துவிடும்.

தாள்

கணினிக்கு நிகராக வேண்டியது கட்டம் போட்ட தாளும் பென்சிலும். ஒவ்வொரு அறைக்கும் ஒரு பெட்டி வரையுங்கள். வெளியேறும் வழி ஒவ்வொன்றுக்கும், போய்ப் பார்க்காவிட்டாலும், ஒரு சிறு கோடு நீட்டி விடுங்கள். முனை தொங்கும் கோடுகளே இனிப் போக வேண்டிய இடங்களின் பட்டியல். வடக்கே போனவர் தெற்கே வந்தால் பழைய இடத்துக்குத் திரும்பிவிடுவார் என்று எண்ணக் கூடாது. பாதைகள் வளையும், சில பாதைகளில் திரும்பவே முடியாது. ஆகவே திரும்பிவரும் வழியையும் நடந்து பார்த்த பிறகே கோட்டை முடிவாக வரையுங்கள்.

எல்லா அறைகளும் ஒரே சொற்களில் விவரிக்கப்படும் புதிர்ப்பாதையில் இந்த முறை உதவாது. அங்கே பொருள்களைப் போட்டு அறைகளுக்கு அடையாளம் வைக்க வேண்டும். முதல் அறையில் வாளைப் போடுங்கள். அது இனி ‘வாள் அறை’. வடக்கே போகிறீர்கள், தரையில் எதுவும் இல்லை என்றால் அது புதிய அறை, அங்கே புட்டியைப் போடுங்கள். அங்கிருந்து மேற்கே போனதும் தரையில் வாள் கிடக்கிறது என்றால், ‘புட்டி அறையிலிருந்து மேற்கு, வாள் அறை’ என்று குறித்துக்கொள்ளுங்கள். இதற்குப் பெட்டி வரைவதைவிட அட்டவணையே பொருத்தம்: இடப்பக்கத்தில் அறைகளின் பெயர்கள், மேலே எட்டுத் திசைகளோடு மேல், கீழ் சேர்த்துப் பத்து நிரல்கள். எல்லாக் கட்டங்களும் நிரம்பினால் புதிர்ப்பாதை முடிந்தது. விளக்கை மட்டும் ஒருபோதும் தரையில் விட்டுவிட்டு நடக்காதீர்கள்.

‘சோர்க் 1’ல் இதற்கும் ஓர் இடையூறு உண்டு. அங்கே திரியும் திருடன், நீங்கள் போட்ட பொருள்களை எடுத்துச் சென்று வேறு இடத்தில் போட்டுவிடுவான். விளக்கின் மின்கலமும் நடக்க நடக்கத் தீர்ந்துகொண்டே இருக்கும். இரண்டுக்கும் ஒரே வழிதான்: புதிர்ப்பாதைக்குள் நுழையும் முன் சேமியுங்கள், உள்ளே தாராளமாக அலைந்து அட்டவணையை நிரப்புங்கள், பிறகு ரெஸ்டோர் கட்டளையால் பழைய நிலைக்குத் திரும்புங்கள். விளக்கு முன்பிருந்த நிலைக்கு வந்துவிடும், பொருள்கள் கைக்கு வந்துவிடும், திருடன் அலைந்தது நடக்காததாகிவிடும். தாளில் எழுதியது மட்டும் அழியாது. வரைபடத்தைப் பார்த்து மிகக் குறுகிய வழியில் நேராக நடக்கலாம். எந்த விளையாட்டிலும், கட்டளைகள் குறைவாகக் கிடைக்கும் இடத்தில் இதைச் செய்யலாம். முதல் நடை அறிவதற்கு, இரண்டாம் நடை முடிப்பதற்கு என்று பிரித்துக்கொண்டால், இருட்டில் சாவதற்கும் ஒரு பயன் கிடைக்கிறது.

ஒரே சேமிப்பின் மேல் மீண்டும் மீண்டும் எழுதாதீர்கள். தொடக்கத்தில் தவறவிட்ட ஒரு பொருள் இல்லாமல் கடைசிப் புதிரைத் தீர்க்கவே முடியாத நிலைக்கு இந்த விளையாட்டுகள் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் கொண்டுவந்து விடும். உண்பது, உடைப்பது, எரிப்பது, திரும்ப முடியாத வழியில் இறங்குவது ஆகிய ஒவ்வொன்றுக்கும் முன் வேறொரு இடத்தில் சேமித்து, அதன் எண்ணையும், நிற்கும் அறையையும், கையில் உள்ள பொருள்களையும் தாளின் ஓரத்தில் எழுதி வையுங்கள்.

முடிக்கும்போது சேமித்து, இயக்கியின் விளக்கு அணையும் வரை காத்திருந்து, வட்டை எடுத்து உறையில் போட்ட பிறகே கணினியையும் இயக்கியையும் அணையுங்கள். தாளையும் அதே உறையோடு வையுங்கள். ஒரு மாதம் கழித்துத் திரும்பி வரும்போது வட்டைவிட முதலில் தேடப் போவது அதைத்தான்.