மேக்ரோ எடுக்க மேக்ரோ லென்ஸ் வேண்டாம்

பூச்சி மாதிரி சின்னப் பொருளை மிக அருகில் பெரிதாக எடுப்பதுதான் மேக்ரோ. சின்ன மிரர்லெஸ் கேமரா இருக்கிறதா, மேக்ரோ லென்ஸ் வாங்குவதற்கு முன் எக்ஸ்டென்ஷன் டியூப் வாங்கிப் பாருங்கள். உள்ளே கண்ணாடி கிடையாது, வெறும் வளையம்தான், லென்ஸை சென்சாரிலிருந்து தள்ளி வைக்கும், அவ்வளவே. மின் இணைப்புப் புள்ளிகள் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள், இல்லையென்றால் பல லென்ஸ்களில் அப்பர்ச்சரை (ஒளி நுழையும் துளையின் அளவை) மாற்ற முடியாது.

கேமராவோடு வரும் 16-50 மி.மீ. ஜூம் லென்ஸை 50-இல் வையுங்கள். 16 மி.மீ. டியூப் போட்டால் உருப்பெருக்கம் (சென்சாரில் விழும் பிம்பம் நிஜ அளவில் எத்தனை பங்கு என்பது) சுமார் 0.3 கூடும். ஜூமை 16 பக்கம் திருப்பினால் ஃபோகஸே கிடைக்காது, பொருள் லென்ஸ் கண்ணாடியில் முட்டும்.

ஆட்டோ ஃபோகஸை அணைத்துவிட்டு, பீக்கிங்கை (ஃபோகஸ் ஆன இடத்தின் ஓரத்தைத் திரையில் நிறத்தில் காட்டும் வசதி) போட்டு, உடம்பை மெதுவாக முன்னும் பின்னும் அசைத்து, தட்டானின் கண்ணில் நிற ஓரம் மின்னும்போது வரிசையாக நாலைந்து படம் தட்டுங்கள். அப்பர்ச்சர் எஃப் 8 போதும். எஃப் 16-க்கு மேல் போனால் படம் சொதசொதவென்று ஆகும்.

நம்ம திருநெல்வேலிப் பக்கம் பெரிய தொல்லை காற்றுதான். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற காற்றில் புல் நுனி ஒரு நொடி நிற்காது. அப்போது விடிந்ததும் போங்கள், பூச்சியும் குளிரில் மந்தமாக இருக்கும். அப்படியும் ஆடினால், தாமிரபரணிக் கரை வயலை விட்டுவிட்டு, மதில் ஓரத்து எருக்கஞ்செடியைப் பாருங்கள்: இலைக்கு அடியில் மஞ்சள் அசுவினிப் பூச்சி அப்பியிருக்கும், அது எங்கும் ஓடாது. பழக அதைவிட நல்ல ஆள் கிடையாது.