உடல் இடங்கொடாதபோது விருப்பமானவற்றைக் கைவிடாதிருக்கும் வழி

இலங்கையின் திருகோணமலையில், உப்புவெளிக் கடலில் மாலைதோறும் நீந்திப் பழகியவரிடமும், வெள்ளிக்கிழமைகளில் கோட்டை வாசலிலிருந்து கோணேசர் கோயில் வரை நடந்தே ஏறியவரிடமும் மருத்துவர் "இனிக் கவனமாக இருங்கள்" என்று சொல்லும்போது, நோயைவிட அந்தச் சொல்லே அதிகம் வலிக்கும். "உயிர் தப்பினதே பெரிய காரியம்" என்று உறவினர்கள் தேற்றுவார்கள். அது உண்மைதான், ஆனால் அதனால் ஏமாற்றம் தீர்வதில்லை. வாய்விட்டுச் சொல்ல முடியாமல் உள்ளேயே தங்கிவிடுகிறது. இழந்தது சிறிதாயினும் அதற்காக வருந்துவது நன்றிகெட்டதனம் அன்று என்பதை நோயாளியும் வீட்டாரும் முதலில் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

அடுத்து, தடை எதற்கு, எவ்வளவு என்பதைத் திட்டமாக அறிந்துகொள்ளுங்கள். அரசாங்க மருத்துவமனைக் கிளினிக்கில் மருத்துவரிடம் பேசச் சில நிமிடங்களே கிடைக்கும் என்பதால், கேள்விகளை முன்கூட்டியே ஒரு தாளில் எழுதிக் கிளினிக் கொப்பிக்குள் வைத்துக்கொண்டு போவது நல்லது: எவ்வளவு நேரம் நடக்கலாம், படி ஏறலாமா, கடலில் இடுப்பளவு நீரில் நிற்கலாமா, எந்த அறிகுறி தோன்றினால் நிறுத்த வேண்டும், இந்தக் கட்டுப்பாடு எத்தனை காலத்துக்கு? பல வீடுகளில் மருத்துவர் விதித்த தடையைவிட அச்சம் விதித்த தடையே பெரிதாக இருக்கிறது. முழங்கால் தேய்மானம் உள்ளவர் அசையாமலே இருந்தால் தொடைத் தசைகள் மெலிந்து மூட்டு மேலும் வலுவிழக்கும்; அமைதியான நீரிலோ உடலின் பாரம் மூட்டில் குறைவாகவே இறங்கும். மாரடைப்புக்குப் பின்னரும் பெரும்பாலானோர் மருத்துவரின் வழிகாட்டலுடன் படிப்படியாக நடைக்குத் திரும்புகிறார்கள். நடக்கும்போது நெஞ்சுவலி, மயக்கம், வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறல் ஏற்பட்டால் உடனே நிறுத்த வேண்டும். ஓய்ந்திருந்தும் தணியாவிட்டால் 1990 அம்புலன்ஸை அழையுங்கள்.

இனி, நீங்கள் இழந்தது உண்மையில் எது என்று பிரித்துப் பாருங்கள். கோணேசர் கோயில் நடை என்பது ஒரே விடயம் அன்று. தரிசனம் இருக்கிறது, கோட்டைக்குள் மேயும் மான்களைப் பார்த்தபடி ஏறும் ஏற்றம் இருக்கிறது, மலைமுகட்டின் கடற்காற்று இருக்கிறது, கூட வருபவரின் பேச்சும் இருக்கிறது. ஏற்றம் மட்டுமே முடியாதென்றால் கோயிலுக்கு அருகே வரை ஆட்டோவில் போய், மற்ற மூன்றையும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஏறும் களைப்பையே விரும்பியவருக்கு ஆட்டோ ஆறுதல் தராது. அவர் தம் உடலுக்கு ஏற்ற வேறோர் உழைப்பைத் தேட வேண்டியிருக்கும். இந்த வேறுபாட்டைக் காணாமல் "வேறு ஏதாவது செய்யுங்கோ" என்று சொல்வதில் பயனில்லை.

நல்ல நாளில் எல்லாவற்றையும் செய்து முடித்துவிட்டு அடுத்த இரண்டு நாளும் படுத்துக்கிடப்பது நாட்பட்ட வலியும் களைப்பும் உள்ளோரிடம் மிகவும் காணப்படும் பழக்கம். வலி வரும்வரை நடப்பதை விட்டு, நேரத்தை அளவாகக் கொள்ளுங்கள். சாதாரண நாளில் 10 நிமிடம் நடக்க முடிந்தால் 7 நிமிடத்தில், இன்னும் முடியும் என்ற நிலையிலேயே, உட்கார்ந்துவிடுங்கள். சில நாட்கள் சிரமமின்றிப் போனால் ஒரு நிமிடம் கூட்டுங்கள். கச்சான் என்னும் வெப்பக்காற்று வீசும் மாதங்களில் நண்பகல் வெயிலைத் தவிர்த்துக் காலையையோ மாலையையோ தேர்ந்தெடுக்க வேண்டும்.

நீரிழிவால் பாதம் மரத்தவர்கள் இன்னும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சுடுமணலிலும் வெயிலேறிய கோயில் கல்லிலும் வெறுங்காலுடன் நடந்தால் கொப்புளம் வந்ததே தெரியாது. கன்னியா வெந்நீரூற்றில் குளிப்பதானாலும், வாளி நீரின் சூட்டை வேறொருவர் கையால் பார்த்த பின்பே காலில் ஊற்றுங்கள்.

வீட்டாரிடம் அனுமதி கேட்காமல், குறிப்பான உதவியைக் கேளுங்கள். "சும்மா இருங்கோ அப்பா" என்று சொல்லும் மகளிடம், "ஞாயிறு மாலை அரை மணி நேரம் என்னோடு கடற்கரையில் வந்து இரு, பிள்ளை" என்றால் அவளுடைய பயமும் குறையும்.

இவ்வளவு செய்தும், இரண்டு வாரங்களுக்கு மேலாக நாளின் பெரும்பகுதி மனம் சோர்ந்திருந்தாலோ, உறக்கமும் பசியும் கெட்டாலோ, எதிலும் நாட்டமின்றிப் போனாலோ, அதை விதியென்று விடாமல் கிளினிக்கில் சொல்லுங்கள். இரத்தச்சோகை, தைரொயிட் குறைபாடு, சில மாத்திரைகள் ஆகியனவும் இத்தகைய சோர்வைத் தரக்கூடும். ஆகவே மாத்திரையைத் தாமாக நிறுத்தாமல் மருத்துவரிடமே கேட்க வேண்டும். வாழ விருப்பமில்லை என்ற எண்ணம் தோன்றினால் கிளினிக் நாள் வரை காத்திராமல், தேசிய மனநல உதவி எண்ணான 1926ஐ அன்றே அழையுங்கள்.